கோட்டைக்குள் கூப்பிட வைத்தவள்

அவளுக்கு ஒரு பேர் இருந்தது. எனக்கு அது தெரியும். ஆனால் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை வாசலில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூடைக்காரி என்பார்கள். வயதில் சிறியவர்கள் கூடைக்காரம்மா என்பார்கள். கோட்டைச் சமையல்கட்டுக்குத் தினமும் காலையில் மீனும் இறாலும் நண்டும் கொண்டுபோய்ப் போடுகிறவள். பக்கத்து மீனவர் குப்பமான கோட்டைக்குப்பத்துக்காரி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம்.

யாரைப் பார்த்தாலும் அவள் முகத்தைப் பார்க்கமாட்டாள். "கையக் காட்டு" என்பாள். ரேகை பார்த்துப் பலன் சொல்லப்போகிறாள் என்று நினைத்து ஆட்கள் ஆசையோடு உள்ளங்கையை நீட்டுவார்கள். அவள் விரலடியில் காய்த்திருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாள்.

"இது துடுப்புப் புடிச்ச காய்ப்பு இல்லே. மம்முட்டி புடிச்சதும் இல்லே. இன்னா வேலை செஞ்சுக்கினு இருந்தே நீ?"

அந்த ஆள் திகைப்பான். அதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

ஏனென்றால் கோட்டை வாசலுக்கு எதிரே பூவரச மரத்தடியில் உட்கார்ந்து விண்ணப்ப ஓலை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தவன் நான். சொந்த ஊர் திருப்பாலைவனம். நெல் விளைவிக்கிற குடும்பம். ஏர் எனக்குப் படியவில்லை, எழுத்தாணி படிந்தது. ஒல்லாந்தர் கோட்டையில் அப்போது வேலைக்குக் குறைவில்லை. பண்டகசாலையில் துணிப்பொதி கட்ட ஆள், பாய் தைக்க ஆள், படகுக்கு ஆள், கிணறு இறைக்க ஆள் என்று எப்போதும் யாராவது தேவைப்படுவார்கள். வேலை வேண்டுகிறவன் ஓலை எழுதி வாசலில் கொடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் காலையில் துபாஷி, அதாவது நம் பேச்சும் அவர்கள் பேச்சும் தெரிந்தவர், அந்த ஓலைகளைக் கோட்டை அதிகாரியான துரைக்குப் படித்துச் சொல்வார். துரைக்குப் பிடித்தால் அந்த ஆளை உள்ளே கூப்பிட்டு நேரில் விசாரிப்பார். நேரில் போனவர்களில் பாதிப் பேருக்காவது வேலை கிடைத்துவிடும். ஆனால் கூப்பிட வேண்டுமே! கூடை நிறைய ஓலை போகும். ஒன்றிரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் நல்ல தமிழ் எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. துரையைச் சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஒப்பிட்டு ஆரம்பிப்பேன். அவர் கருணையைச் சமுத்திரம் என்பேன். ஓலையின் முதல் பக்கம் இதிலேயே நிறைந்துவிடும். கடைசியில் 'அடியேன் பிள்ளைகுட்டிக்காரன், எந்த வேலையானாலும் செய்யச் சித்தமாக இருக்கிறேன்' என்று முடிப்பேன். வந்த எல்லோருக்கும் இதேதான். படித்துக் காட்டினால் கண்ணில் நீர் வரக் கேட்பார்கள். பிறகு உள்ளேயிருந்து கூப்பிடமாட்டார்கள். தலையெழுத்து என்று போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நான் இப்படி ஒருவனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாம்மா சிரிப்பு?" என்றேன்.

"மூணு நாளா பாக்கறேன் எயுத்துக்காரரே. ஆளு மாறுது, ஓலை மாறலியே."

எனக்குச் சுருக்கென்றது. "உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. காது கீதே. நான் மீன் கயுவற எடத்துக்குப் பக்கத்துலதான் துபாஷி உக்காந்து ஓலை படிக்கறாரு. நடுவுல ஒரு ஜன்னல்தான். நீ எயுதற மொதப் பக்கத்த அவுரு படிக்கறதே இல்லே. தள்ளிடறாரு. ரெண்டாம் பக்கத்துல ஒரு வரி படிப்பாரு. 'எந்த வேலையானாலும்'னு வந்தவுடனே துரை கைய ஆட்டிடுவாரு. அடுத்த ஓலை."

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுத்தாணியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அவள் என்னை விட்டுவிட்டு, ஓலைக்காக வந்திருந்தவனிடம் திரும்பினாள். அவன் கோட்டைக்குப்பத்து ஆள்தான், கடலுக்குப் போகிறவன். "கையக் காட்டு" என்றாள். காட்டினான். ஆள்காட்டி விரல் நெடுக ஊசி ஏறிய தழும்புகள்.

"வலை தைக்கறவனா?"

"வலையும் தைப்பேன், பாயும் தைப்பேன்."

"பாய் எங்க தைச்சே?"

"எங்க படகுலதான். போன வருசம் காத்துல பாய் கிழிஞ்சு பூட்ச்சு. நாலு பேரு நடுக்கடல்ல கெடந்தோம். வலையிலேருந்து நூல உருவி அங்கயே தைச்சேன். அதுல கரைக்கு வந்து சேர்ந்தோம்."

"இத ஏன்டா எயுத்துக்காரருகிட்ட சொல்லலே?"

"அவுரு கேக்கலியே."

அவள் என்னைப் பார்த்தாள். "அத எயுது. நடுக்கடல்ல, கிழிஞ்ச பாய, வலை நூல்ல. அவ்ளோதான். சூரியனும் வேணாம், சந்திரனும் வேணாம். பாய் தைக்கற எடத்துல ரெண்டு பேரு காய்ச்சல்ல கெடக்கறாங்க, கப்பல் கெளம்பணும்னு துரை கத்திக்கினு கீறாரு. நேத்து என் காதால கேட்டேன்."

வேண்டாவெறுப்பாக எழுதினேன். நாலே வரி. இவ்வளவு மொட்டையான ஓலையை என் கையால் நான் எழுதியதில்லை. மறுநாள் முதல் ஆளாக அவனைத்தான் கூப்பிட்டார்கள். துரை ஒரு கிழிந்த துணியையும் ஊசியையும் கொடுத்துத் தைக்கச் சொன்னாராம். அன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மீன் போட்டுவிட்டு வருகிற வழியில் அவள் தினமும் என் மரத்தடிக்கு வர ஆரம்பித்தாள். உட்காரமாட்டாள். கூடையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள். நான் கேட்கத் தெரியாமல் விட்ட கேள்விகளையெல்லாம் அவள் கேட்பாள், நான் எழுதுவேன். இதற்கு யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. நான் ஒரு தடவை கொடுக்கப் போனபோது, "எனக்கு மீன் கீது, உனுக்கு ஓலை கீது" என்று சொல்லிவிட்டாள்.

நயமாகப் பேசுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். தன் கஷ்டத்தைச் சொல்லி அழுகிறவனைப் பாதியிலேயே நிறுத்திவிடுவாள். "உன் கஷ்டம் எனக்குப் புரியுது. துரைக்கு அது வேணாம். அவுரு கஷ்டத்துக்கு நீ இன்னா பண்ணுவே, அத சொல்லு." சில பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருவார்கள்.

எங்கள் திருப்பாலைவனத்துக்காரர் ஒருவர் இருந்தார். மழை பொய்த்து நிலம் தரிசாகக் கிடந்தது. நான் அவருக்கு மூன்று ஓலை எழுதிக் கொடுத்திருந்தேன், மூன்றிலும் 'எந்த வேலையானாலும்'தான். ஒரு தடவையும் கூப்பிடவில்லை. கூடைக்காரி அவரைக் குடைந்து குடைந்து கேட்டாள். ஏர் ஓட்டுவேன் என்றார். கோட்டைக்குள்ளே ஏது ஏர் என்றாள். மாடு பார்ப்பேன் என்றார். அதுக்கு ஆள் இருக்கிறது என்றாள்.

"நெல்லு எங்க வெப்பே?"

"குதிருல."

"எலி?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "எங்க வூட்டுக் குதிருல எலி வந்ததில்லம்மா. அடியில நொச்சித் தழை பரப்பி, சாணி மண்ணு பூசி, வாய மூடற வகையா மூடிட்டா எப்பிடி வரும்?"

"எயுத்துக்காரரே, எயுது" என்றாள். கோட்டை அரிசிக் கிடங்கில் எலி படுத்துகிறது என்று சமையல்காரன் தினமும் புலம்புவானாம். அது அவளுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அந்த ஓலை இரண்டு வரிதான் இருந்தது. கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்த மனிதர் வாய் திறக்கக் கூச்சப்படுவார். உள்ளே போய்த் துரை முன்னால் 'எசமான் சித்தம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றால் காரியம் கெட்டுவிடும். அதனால் அன்று சாயங்காலம் அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஜன்னலோரம் கேட்டுப் பழகிய துரையின் பேச்சில் இரண்டு வார்த்தை, நம் பேச்சில் இரண்டு வார்த்தை கலந்து, அதட்டலாகக் கேட்டாள்: "ஏய், எலி எப்பிடிப் போவும்?" கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னார். அவள் விடவில்லை. "எவ்ளோ நாள்ல? ரெண்டு ஆளு தந்தா போதுமா? சுண்ணாம்புத் தரையில இது நிக்குமா?" கடைசிக் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார்.

"நிறுத்து. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லு. தெரிஞ்ச மாதிரி பேசினா அவுரு கண்ணுல பட்டுடும்."

மறுநாள் உள்ளே துரை ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்டாராம். சுண்ணாம்புத் தரை பற்றியும் கேட்டாராம். "பாத்துட்டுச் சொல்றேன் துரை" என்று இவர் சொன்னதும் துரை துபாஷியைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். கிடங்குக்கு அவர்தான் காவல் என்று ஆகிவிட்டது.

அவள் ஏன் இதையெல்லாம் செய்கிறாள் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. நானாகக் கேட்டதும் இல்லை. ஒரு மழை நாளில் மரத்தடியில் நாங்கள் இருவர் மட்டும் ஒதுங்கியிருந்தபோது அவளாகவே சொன்னாள். அவள் புருஷன் முகத்துவாரத்தில், ஏரி கடலோடு கலக்கிற அந்த வாயில், படகைத் தாண்டவைப்பதில் கெட்டிக்காரனாம். கோட்டைப் படகில் வேலை கேட்டு ஓலை கொடுத்தான். அந்த ஓலையைப் படிக்கும்போது அவள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மடவை மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சூரியன் சந்திரன்னு ஆரம்பிச்சாரு. தள்ளினாரு. எந்த வேலையானாலும்னு வந்துது. துரை கைய ஆட்டிட்டாரு. முகத்துவாரம்னு ஒரு வார்த்தை அதுல இல்லே. ரெண்டு தபா அப்பிடித்தான். அப்பறம் நாகப்பட்டணம் பக்கம் போயி வேலை தேடறேன்னு படகேறிப் போனாரு. போனவருதான்."

மழை பெய்துகொண்டே இருந்தது. பழவேற்காட்டில் ஓலை எழுதுகிறவன் நான் ஒருவன்தான். அவன் முகம்கூட எனக்கு நினைவில்லை.

"அது நான் எழுதினது" என்றேன்.

"தெரியும்" என்றாள். குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மழை விட்டதும் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வழக்கம்போல வந்தாள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை தவறினாள்.

அவளுடைய தங்கை புருஷன் அந்த வருஷம் வேலைக்கு ஓலை கொடுக்க வந்தான். ஏரியில் மீன் அற்றுப்போயிருந்த சமயம். தங்கை நிறைமாதமாக இருந்தாள். கோட்டையில் சலங்குப் படகு நடத்த ஒரு தண்டல் தேவைப்பட்டது. சலங்கு என்றால் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த பெரிய படகு. பொதிகளை ஏற்றி, முகத்துவாரத்தைத் தாண்டி, கடலில் நிற்கிற கப்பலுக்குக் கொண்டுபோகும். தண்டல்தான் சுக்கான் பிடிப்பான். அவன் சொல்கிறபடி துடுப்புக்காரர்கள் வலிப்பார்கள். இந்தத் தங்கை புருஷன் துடுப்புப் போட்டு இரண்டு தடவை முகத்துவாரம் தாண்டியிருக்கிறான். சுக்கான் பிடித்ததில்லை. எனக்கே அது தெரியும்.

அன்று அவள் அவன் கையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சுக்கான் புடிச்சு முகத்துவாரம் தாண்டினவன்னு எயுது."

நான் எழுத்தாணியை எடுக்காமல் இருந்தேன்.

"எயுது எயுத்துக்காரரே. கத்துக்குவான்."

எழுதினேன். கூப்பிட்டார்கள். துரை கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் பதிலை அவளே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள், தன் புருஷன் ஊரில் இருந்த காலத்தில் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பதில்கள். அவன் தடங்கலில்லாமல் சொன்னான். தண்டல் ஆகிவிட்டான்.

புரட்டாசி கடைசி. ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குள் கப்பல் கிளம்பிவிட வேண்டும் என்று அவசரம். முகத்துவாரத்தில் மணல் திட்டு தினம் ஒரு பக்கம் நகர்கிற காலம் அது. அவன் நேற்றுப் போன வழியிலேயே படகை விட்டான். திட்டில் ஏறிப் படகு சாய்ந்தது. பொதிகள் தண்ணீரில் போயின. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் முன் வரிசையில் துடுப்புப் போட்ட ஒரு வயசாளியின் கால், படகுக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டி நொறுங்கிப்போயிற்று.

மறுநாள் காலை துரை தண்டலை விசாரித்துக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சமையல்கட்டோடு திரும்பிவிடுகிறவள், மீனை இறக்கி வைத்துவிட்டு நேராக அந்தக் கூடத்துக்குள் போனாள். கூடை இல்லாமல், வெறுங்கையோடு. இதைத் துபாஷி பிறகு எனக்குச் சொன்னார். அங்கே நின்று அவர்கள் பேச்சிலேயே, தெரிந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்: ஓலையில் இருந்தது பொய், பதில்களும் என்னுடையவை, இவனுக்கு ஆசை காட்டி அனுப்பியவள் நான்.

"எழுதினவன் யார்?" என்று துரை கேட்டிருக்கிறார்.

"நான் சொன்னத எயுதினவரு. அவுருக்குப் படகு பத்தி ஒண்ணும் தெரியாது."

அந்த நேரத்தில் நான் வாசலுக்கு வெளியே மரத்தடியில்தான் இருந்தேன். அவள் எதற்காக உள்ளே போயிருக்கிறாள் என்று காவல்காரன் வந்து சொன்னான். எழுந்து உள்ளே போயிருக்கலாம். என்னைத் தடுக்க யாரும் இல்லை. எழுந்திருக்கவில்லை. யாருக்கோ எழுதிக்கொண்டிருந்த ஓலையில் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தேன்.

தங்கை புருஷனை வேலையை விட்டு நீக்கினார்கள். அவளை இனிமேல் கோட்டைக்குள் விடக்கூடாது என்று உத்தரவாயிற்று. சமையல்கட்டு மீன் வேறு ஒருத்திக்குப் போயிற்று. என் ஓலைகளை மட்டும் முன்போலவே வாங்கிக்கொண்டார்கள்.

அவள் மீனை ஊருக்குள் கூவி விற்க ஆரம்பித்தாள். தினமும் முதலில் கால் போன அந்த வயசாளி வீட்டு வாசலில் கொஞ்சம் மீன் வைத்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போவாள். இரண்டு மாதம் அவர் அவளிடம் பேசவில்லை. அவளும் பேச முயலவில்லை. மூன்றாம் மாதம் அவரே கூப்பிட்டு, "நாளைக்கு வாடை பெலமா அடிக்கும், கடல்மீன் வராது, ஏரி மீனாப் பாத்து வாங்கி வை" என்றாராம். சொன்னபடியே ஆயிற்று. அடுத்த தடவை மீன் வைக்கப் போனபோது அவள் அங்கேயே நின்று, அவருக்கு இன்னும் என்னென்ன தெரியும் என்று கேட்க ஆரம்பித்தாள்.

மறுநாள் என் மரத்தடிக்கு வந்தாள். உத்தரவுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஓலை எயுதணும். கெழவருக்கு."

"கால் இல்லாதவருக்கு என்ன வேலை?"

"அவுரு ஒக்காந்த எடத்துலேருந்து தண்ணி நெறத்தப் பாத்து, ஆழம் எங்க, திட்டு எங்கன்னு சொல்றாரு. நாப்பது வருசமா முகத்துவாரத்தத் தாண்டினவரு. தெனம் காலீல மணல் மேட்டுல ஒக்காந்து, இன்னைக்கு வழி இந்தப் பக்கம்னு ஒரு மூங்கில்ல துணி கட்டிக் காட்டினாருன்னா, எந்தத் தண்டலும் திட்டுல ஏறமாட்டான்."

"அப்படி ஒரு வேலை கோட்டையில் கிடையாதே, கூடைக்காரம்மா."

"வேலைதான் கெடையாது. தேவை கீது. போன மாசம்கூட ஒரு படகு தட்டிட்டு வந்துது."

எழுதினேன். எத்தனை வருஷம், எத்தனை தண்டல்களின் கீழ், எந்த மாதத்தில் திட்டு எந்தப் பக்கம் நகரும் என்று அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். ஒவ்வொரு வரியையும் அவள் அவரிடம் போய்ச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் நான் 'ஒருபோதும் பிசகாதவர்' என்று எழுதியிருந்தேன். அதை அழிக்கச் சொன்னாள். பாய் தைக்கிறவனையும் கிடங்குக்காரரையும் பார்த்து, "கெழவரப் பத்தி உள்ள கேட்டாங்கன்னா தெரிஞ்சதச் சொல்லுங்க, கேக்காம சொல்லாதீங்க" என்றாள். துரை கேட்டிருக்கிறார். அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

கூப்பிட்டார்கள். நாலு துடுப்புக்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடைக்காரி வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். நான் இந்தத் தடவை உள்ளே போனேன், ஓலை எழுதினவன் என்று சொல்லிக்கொண்டு.

துரை ஓலையைப் பற்றிக் கேட்கவில்லை. துபாஷி மூலமாக ஒரே கேள்வி கேட்டார்: "இவ்வளவு தெரிந்தவர் அன்றைக்கு ஏன் தண்டலிடம் சொல்லவில்லை?"

"சொன்னேன் துரை" என்றார் வயசாளி. "துடுப்புக்காரன் பேச்சு சுக்கான் வரைக்கும் எட்டாது."

துபாஷி அதைச் சொன்னதும் துரை தலையாட்டினார். பத்து நாள் பார்க்கலாம் என்றார். பத்து நாளில் ஒரு படகும் தட்டவில்லை. வேலை நிலையாயிற்று. மணல் மேட்டுக்குப் போகிற வழியில் பாதி தூரம் காலடி புதைகிற மணல். அவரைத் தினமும் முதுகில் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்து, சாயங்காலம் திரும்பத் தூக்கி வந்தவன் அந்தத் தங்கை புருஷன்தான். அதற்கு அவனை யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே போய் நின்றான்.

ஒரு மாதம் கழித்துக் கோட்டையிலிருந்து ஆள் வந்தது. கூடைக்காரியைத் துரை கூப்பிடுகிறார். இந்த யோசனையெல்லாம் யாருடையது என்று வயசாளி சொல்லிவிட்டிருக்கிறார்.

அவள் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. கூட வந்த துபாஷிதான் நடந்ததைச் சொன்னார். அவள் பக்கத்தில் நின்று, யாரைப் பற்றியோ பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோட்டைக்கு வேலைக்கு வர்றவங்களையெல்லாம் இனிமே இவங்க பாத்துத் தேர்ந்தெடுத்துக் குடுக்கட்டும்னு துரை சொன்னாரு. உள்ளேயே வீடு, அரிசி, துணி எல்லாம் உண்டு. இவங்க மாட்டேன்னுட்டாங்க. ஏன்னு துரை கேட்டாரு. இவங்க சொன்ன பதில் அவருக்குப் புரியலே. நான் விளக்கிச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"என்ன சொன்னே?" என்று அவளைக் கேட்டேன்.

"எனக்கு இன்னொரு தங்கச்சி கீறா துரைன்னேன்."

துபாஷி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப என்னதான் கேட்டே?"

"சமையக்கட்டு மீனத் திருப்பிக் கேட்டேன். இப்ப போடறவ ஒரு நாளு, நான் ஒரு நாளுன்னு சொல்ட்டாங்க. அது போதும்."

மரத்தடியில் அப்போது யாரும் இல்லை. மாதக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றுதான் சொன்னேன்.

"அன்னிக்கு நீ உள்ள போனப்போ நான் இங்கதான் இருந்தேன். தெரிஞ்சேதான் எழுதினேன்னு வந்து சொல்லியிருக்கணும். சொல்லலே."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வந்திருந்தா உனுக்கும் கதவ சாத்தியிருப்பாங்க. அப்பறம் கெழவருக்கு யாரு எயுதறது? நீ வராததும் நல்லதுக்குத்தான் ஆச்சு."

எனக்கு உடம்பே லேசானதுபோல இருந்தது. அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பத்தடி நடந்தாள். பிறகு நின்றாள். திரும்பவில்லை.

"ஆனாலும் நீ வந்திருக்கலாம், எயுத்துக்காரரே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.